சாம்பல் பெயின்ட் விழுந்த முப்பத்து நான்கு கார்கள்

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவளை எழுப்பி நிற்கவைத்து, "உன் மண்டையில மூளைக்குப் பதிலா களிமண்ணை வெச்சு அனுப்பிட்டாங்க" என்றபோது வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தக் களிமண்தான் ஒருநாள் அவளுக்குச் சோறு போடப்போகிறது என்று வாத்தியாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

கார் பெயின்ட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எத்தனை தடவை கழுவினாலும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அழுக்கை எடுப்பதற்கென்றே ஒருவகைக் களிமண் உண்டு. குளியல் சோப்பில் பாதி அளவு இருக்கும். கையில் வைத்துப் பிசைந்தால் ரொட்டி மாவு மாதிரி இளகிவிடும். பெயின்ட் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, இந்த மண்ணைத் தட்டையாக்கி, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். முதலில் சரசரவென்று சத்தம் கேட்கும். பெயின்ட்டில் ஒட்டியிருந்ததெல்லாம் மண்ணோடு வந்த பிறகு சத்தம் நின்றுவிடும். இந்த வேலையில் அந்த ஒர்க்ஷாப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் அவள் பெயர் 'களிமண் அக்கா' என்றாகிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த, நசுங்கல் எடுக்கும் டிங்கரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

இருபத்துமூன்று வயதில் துடைக்கும் துணிகளைத் துவைத்துக் காயப்போடும் வேலைக்குத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். துணியில் வந்திருக்கும் அழுக்கைப் பார்த்தே எந்தக் கார் எங்கே போய்வந்தது என்று சொல்லிவிடுவாள். கறுப்புப் பிசுபிசுப்பு என்றால் புதுசாகத் தார் போட்ட ரோடு. ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தால் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய கார், இரும்புத்தூள் பறந்துவந்து குத்தியிருக்கிறது. அதற்கு ஒரு மருந்து அடிப்பார்கள். அடித்ததும் இரும்புத்தூள் இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். முதல் தடவை அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் காரின் பெயின்ட்டே கரைந்து ஓடுகிறது என்று நினைத்து மயக்கம் போட்டு நாற்காலியில் சரிந்ததும், அவருக்கு முகத்தில் தண்ணீர் தெளிக்க அவசரத்தில் சோப்புத் தண்ணீரையே தெளித்ததும் அந்த ஒர்க்ஷாப்பில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை.

ஒர்க்ஷாப்பின் பின்பக்கம் பெயின்ட் அடிக்கும் கொட்டகை இருந்தது. அவளுக்கு இருபத்தைந்து நடக்கும்போது அங்கே புதிதாக ஒரு பெயின்டர் வந்து சேர்ந்தான். மெலிந்த உயரமான ஆள். அடித்து முடித்த பெயின்ட்டை நேராகப் பார்க்க மாட்டான். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வெளிச்சம் எங்கே வளைகிறது என்று பார்ப்பான். ஒருநாள் அவன் அடித்துக் காயவைத்திருந்த கதவை அவள் கடந்துபோகும்போது, கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப்பார்த்தாள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தடவினால் விரலுக்குத் தெரிந்துவிடும். "இங்க ஒரு தூசி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துணி துவைக்கிறவள் தன் வேலையில் குறை சொல்வதா என்று டிங்கரிடம் புலம்பினான். மூன்றாம் நாள் அவனே வந்து, இன்னொரு கதவைத் தடவிப்பார்க்க முடியுமா என்று கேட்டான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காதல் என்று இருவரும் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளவில்லை. மதியம் அவன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவான், அவள் துணிக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைத் தாண்டிப் பேச்சு போய்வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் போனபிறகு பத்தடி மூன்றடியாகியிருந்தது. ஒர்க்ஷாப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாலங்களுக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பெயின்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போகிற வேலை. அவளையும் வரச்சொன்னான். கல்யாணம் பண்ணிக்கொண்டு போகலாம் என்று நாள்கூடச் சொன்னான். அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் அவள் அப்பா குளியலறையில் விழுந்து, இடப்பக்கம் கையும் காலும் வராமல் படுத்திருந்தார். அம்மா எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டாள். தங்கை கல்யாணமாகி வேறு ஊரில் கைக்குழந்தையோடு இருந்தாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் இருந்தது இவள் ஒருத்திதான்.

"ஒரு வருஷம் பொறுங்க" என்றாள்.

அவன் பொறுத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஒர்க்ஷாப் போனுக்குக் கூப்பிடுவான். முதலாளி கண்டும் காணாததுபோல் வெளியே போய் நிற்பார். எந்த ஊரில் என்ன பாலம், எத்தனை உயரம், என்ன நிறம் என்று அவன் சொல்வான். அப்பா இன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார் என்று இவள் சொல்வாள். வருஷம் ஒன்று போய் இரண்டானது. டாக்டர், அப்பாவுக்கு இதயம் கல்லுமாதிரி இருக்கிறது, இன்னும் பல வருஷம் இருப்பார் என்றார். நல்ல செய்திதான். அன்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நான்கு பஸ்களைத் தவறவிட்டாள். அந்த வியாழக்கிழமை போனில், இனிமேல் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னாள். "நிஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்டான். "நிஜமாத்தான்" என்றாள். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணமானது டிங்கர் வழியாகக் காதுக்கு வந்தது.

அப்பா பதினான்கு வருஷம் இருந்தார். அவள் வேலைக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப்பார்த்துக்கொள்வாள். மற்றபடி கடைசிவரை அவருக்கு அவள்தான் கை, அவள்தான் கால். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று சொன்னால் அது பொய். சுளித்திருக்கிறாள், கதவுக்குப் பின்னால் போய். அவர் போனபிறகு வீட்டில் கட்டில் இருந்த இடம் காலியானது. இனி அவளைப் பிடித்துவைக்க எதுவுமில்லை, போவதற்கும் இடமில்லை. தங்கை இரண்டு மூன்று வரன் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஒர்க்ஷாப் போன் அடித்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் கை ஒரு நொடி நின்றுபோகும். யாராவது பேட்டரி விலை கேட்பார்கள்.

அவளுக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்த வருஷம், முதலாளி ஒருநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு ஒரு பெரிய வேலை வந்திருப்பதாகச் சொன்னார். ரயில் மேல்பாலம் ஒன்றுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய அலுவலகத்தின் கார் நிறுத்துமிடம். மதியத்துக்குமேல் காற்று திசை மாறியது யாருக்கும் தெரியவில்லை. தூறல்மாதிரி பறந்து வந்த பெயின்ட் முப்பத்து நான்கு கார்களின் மேல் படிந்து காய்ந்துவிட்டது. யாரோ ஒரு புத்திசாலி இரண்டு கார்களில் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் போட்டுத் தேய்த்து, இருந்த பளபளப்பையும் சேர்த்து எடுத்துவிட்டான். அலுவலகத்தில் ரகளை. பெயின்ட் கம்பெனி எல்லாக் கார்களையும் சுத்தம் செய்துதருவதாக ஒத்துக்கொண்டு முதலாளியிடம் வந்திருக்கிறது. ஆறு நாளில் முடிக்கவேண்டும்.

ஒர்க்ஷாப்பிலிருந்து இரண்டு பெண்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவள் போனாள். கார்கள் வரிசையாக நின்றன. பார்வைக்கு ஒன்றுமில்லை, லேசாகத் தூசி படிந்தமாதிரி. கையில் பையை மாட்டி ஒரு பானெட்டைத் தடவினாள். உப்புத்தாள் மாதிரி இருந்தது. நிமிர்ந்தபோது, மூன்று கார் தள்ளி ஒரு ஆள் கையில் பட்டியலோடு நின்றான். முடி பாதி நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். கார்க் கதவு ஒன்றைத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். அவன் திரும்பினான். பட்டியலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பட்டியலைப் பார்த்தான்.

"நல்லா இருக்கியா?" என்றான்.

"இருக்கேன். இது உங்க வேலையா?"

"நான்தான் மேஸ்திரி. காத்து மாறிடுச்சு."

"காத்து மேல பழி போடுறது சுலபம்" என்றாள். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, நிற்க வெகுநேரமானது.

அவன் தலைமேல் ஆயிரம் வேலை இருந்திருக்கும். ஆனாலும் மதியத்துக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானும் செய்வதாக வந்து நின்றான். தன்னால் வந்த வினை, தானே எடுக்கிறேன் என்றான். அவள் ஒரு துண்டு மண்ணைப் பிய்த்துக் கொடுத்தாள். முதல் நாள் அவன் அழுத்தித் தேய்த்துக் கோடு போட்டான். அழுத்தாதீர்கள், மண் தானாகப் போகட்டும், நீங்கள் கூடப் போனால் போதும் என்றாள். இரண்டு தடவை மண்ணைத் தரையில் போட்டான். தரையில் விழுந்த மண்ணில் மணல் ஒட்டியிருக்கும், மறுபடி தொட்டால் பெயின்ட் கீறிப்போகும், தூக்கி எறியவேண்டியதுதான். "என் மண்ணையெல்லாம் நீங்களே தின்னு தீர்த்துடுவீங்க போலிருக்கு" என்றாள். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். களிமண் அக்கா இப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் மதியம் அவன் போன் அடித்தது. கை முழுக்கச் சோப்பு என்பதால் ஸ்பீக்கரில் போட்டான். அவன் மனைவி. மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டுவிட்டேன் என்றான் அவன். பொய் என்று மனைவி உடனே சொன்னாள். பிறகு, பக்கத்தில் யாராவது இருந்தால் கொடுங்கள் என்றாள். அவன் தயங்கி, போனைக் களிமண் அக்காவின் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப்போகிறவன்போல வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

"அக்கா, நீங்கதானே அது?" என்றது போனில் குரல். "கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களைப் பத்திச் சொல்லிட்டாரு. நேத்து உங்களைப் பார்த்தேன்னும் சொன்னாரு."

"சொல்லும்மா" என்றாள் இவள்.

"நெஞ்செல்லாம் பெயின்ட்டு புகை. மதியம் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. நான் சொன்னா கேக்க மாட்டாரு. இந்த ஆறு நாளைக்கு நீங்க பார்த்துக்கறீங்களா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றாள். போனை வைத்தபிறகு, சோப்புத் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் காரில் தெளிப்பதென்று தெரியாமல் நின்றாள். பதினெட்டு வருஷமாக அவள் ஆசைப்பட்டது அப்படி ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு ஆளுக்கு வேளைக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பது, சாப்பிட்டாயா என்று கேட்பது, இவ்வளவுதான். அதை இன்னொருத்தி ஆறு நாளைக்கு இரவல் கொடுத்திருக்கிறாள்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். வெட்கம், மானம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு வேளையும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வெந்நீர் கொண்டுவந்தாள். அவன் டீயில் அரைக் கரண்டி சர்க்கரைதான் போட்டுக்கொள்கிறான், இடது காது கொஞ்சம் மந்தம், பெரிய மகள் பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுவதில் முதலாவதாக வருகிறாள், சின்னவளுக்கு நாய் என்றால் பயம், எல்லாம் தெரிந்துகொண்டாள். அவனும் கேட்டான். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். ஒரு காரின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கமாக நின்று வேலை செய்வார்கள். கூரையில் கைகள் சந்திக்கும் இடத்துக்கு வரும்போது இருவருமே மெதுவாகிவிடுவார்கள், பிறகு அவள் மண்ணை மடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள்.

ஐந்தாம் நாள், கூட வந்த பெண்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அவன் ஒரு கார்க் கண்ணாடியில் படிந்த பெயின்ட்டைப் பிளேடால் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"அன்னிக்குப் போன்ல காத்திருக்க வேணாம்னு சொன்னியே. அது நிஜமா?"

"பொய்" என்றாள்.

"தெரியும்."

அவள் கை நின்றது. "தெரிஞ்சுமா விட்டுட்டீங்க?"

அவன் பிளேடைக் கீழே வைத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "ரெண்டு வருஷமாச்சு. ஊர் ஊரா லாட்ஜ்ல தனியாப் படுத்து அலுத்துப்போச்சு. யாராவது போதும்னு சொன்னா தேவலைன்னு எனக்கும் இருந்துச்சு. நீ சொன்னே. நான் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் மறுகோடிக்குப் போனாள். ஒரு வெள்ளைக் காரை ஒண்டியாக எடுத்துக்கொண்டு வேலை செய்தாள். இத்தனை வருஷமும் அவள் அந்தப் பொய்யைத் தான் கொடுத்த பெரிய கொடையாக நினைத்திருந்தாள். தன் ஆசையைத் தானே கழுத்தை நெரித்து அவனுக்கு வழிவிட்டதாக நினைத்திருந்தாள். அவனோ ஏற்கெனவே பாதி வழி போயிருந்திருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு கதவு முழுக்க முடித்தாள். அடுத்த கதவுக்கு வருவதற்குள், அந்த லாட்ஜ் அறையில் தனியாகப் படுத்திருந்த இருபத்தொன்பது வயதுப் பையனை நினைத்து நெஞ்சு கரைந்தது. அவனுக்குச் சலிக்காதா? அவளுக்குச் சலித்ததே, கதவுக்குப் பின்னால். சாயங்காலம் மணியைப் பார்த்து, மாத்திரையையும் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி விழுங்கினான்.

ஆறாம் நாளுக்கு ஒரே ஒரு கார்தான் மிச்சம். அலுவலக டிரைவர் ஒருவருடைய பழைய சிவப்புக் கார். எப்போதோ மலிவாக மறுபடி பெயின்ட் அடித்தது. மண்ணை வைத்தால் சாம்பலோடு சிவப்பும் சேர்ந்து வந்தது. இதற்கு அவசரம் ஆகாது, விரலகலம் விரலகலமாகத்தான் போகவேண்டும் என்று அவள் சொன்னாள். மற்ற பெண்களை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிவிட்டாள். அவனும் அவளும் ஒரே கதவின் முன்னால், கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவன் தண்ணீர் தெளிக்க, அவள் மண்ணை நகர்த்தினாள். வெயில் பாலத்துக்கு அந்தப்பக்கம் இறங்கியபோது கதவு முடிந்துவிட்டது. கார் முழுக்கவே முடிந்துவிட்டது. விரல் வைத்தால் கண்ணாடிபோல வழுக்கியது.

அவள் மண்ணை மடித்து, சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்து, அதே கதவின் மேல்மூலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். சரசரப்பு துளிகூட இல்லை. அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லையென்று அவனுக்கும் தெரிந்திருக்கும், பெயின்ட்டைப் பார்க்கத் தெரிந்தவன். அவன் பாட்டிலை எடுத்து, அவள் கைக்கு முன்னால் தண்ணீரைத் தெளித்தான். அவள் நகர நகரத் தெளித்துக்கொண்டே வந்தான். கதவின் அடிவரைக்கும் அப்படியே போனார்கள்.

பிறகு சிவப்புக் காரின் டிரைவர் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு ரெடியான மாப்பிள்ளைமாதிரி இருக்கிறதே என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டான். அடுத்த வேலை நடக்கும் ஊருக்குப் பெயின்டர் மறுநாள் காலையில் கிளம்பவேண்டும். வாசல்வரை கூட வந்தான். மாத்திரை அட்டையை அவள் அவன் சட்டைப்பையில் வைத்தாள். "இனிமே நீங்களாப் போட்டுக்கணும்" என்றாள். "சரி" என்றான். பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்குப் பத்திரமாக வந்துசேர்ந்தார் என்று மூன்று வாரம் கழித்து அவன் மனைவி போன் செய்தாள். இவள் நம்பரை அவனிடமிருந்து வாங்கியிருக்கிறாள். சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்றாள், டாக்டர் இனி அவரை உயரத்தில் ஏறவிடக்கூடாது என்கிறார் என்றாள். இவள் கேட்டுக்கொண்டாள், கஷாயம் எதுவும் வேண்டாம், டாக்டர் சொன்னதை மட்டும் கேளுங்கள் என்றாள். அவனிடம் பேசுகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அதற்குப்பிறகு ஒருதரம் அவன் மனைவி பேசினாள். பிறகு இல்லை. அவரவருக்கு அவரவர் பாடு.

அப்பாவின் காரியத்துக்கு எடுத்ததைத் தவிர, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் நான்கு நாள் லீவு கேட்டாள். முதலாளி உடம்புக்கு என்ன என்று பதறிப்போனார். தங்கை வீட்டுக்குப் போனாள். இரண்டாம் நாள் மதியம், தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பத்தடி தூரத்திலிருந்து சாப்பிட்டது, வியாழக்கிழமை, நான்கு பஸ்கள், போனில் சொன்ன பொய், சிவப்புக் கார் எல்லாம். தங்கைக்குப் பாதிகூடத் தெரியாது. கைக்குழந்தையைச் சாக்குச் சொல்லித் தான் அன்று அப்பாவைப் பார்க்க வராமல் இருந்ததை நினைத்து, மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "அக்கா, என்னாலதானே" என்றாள். இல்லை என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அது முழு உண்மையில்லை. ஆனால் சொல்லும்போது மனசுக்குக் கஷ்டமாக இல்லை.

"போனது போகட்டும்னு விட்டுட வேண்டியதுதானே அக்கா, இனிமேலாவது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முன்னாடியெல்லாம் போன்ல கேட்ட குரலுக்கு ஏங்கிட்டிருந்தேன்" என்றாள். "இப்ப அந்த ஆளையே தெரியும். எத்தனை கரண்டி சர்க்கரைன்னுகூடத் தெரியும். இப்பத்தான் ஏக்கம் அதிகமா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீ போடவா என்று கேட்டாள். போடு என்றாள் இவள். தங்கை அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டபோது, மீதித் துணியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு மடிக்கத் தொடங்கினாள்.